வலி போய்விட்டது, தசை ஆறிவிட்டதா? ஹாம்ஸ்ட்ரிங் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருகிறது: தொடையின் பின்பக்கம், அதாவது ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் இருக்கும் இடம். அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே கொடுத்துவிட்டோம். பதில் சொல்கிறவர்கள், விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் எங்கள் மருத்துவர், பிசியோ குழுவினர்.

200 மீட்டர் ஓடுகிறேன். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்த இடத்தில், இடது தொடையின் பின்னால் 'டக்' என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் மோதவில்லை, கால் இடறவும் இல்லை. சும்மா ஓடும்போது தசை எப்படிக் கிழியும்?
— கல்லூரி மாணவி, திருச்சி

கல்லால் அடித்த மாதிரி இருந்தது என்று நீங்கள் எழுதியதுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. தசை கிழிந்தவர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் பின்னோக்கி அழுத்துங்கள். முழங்காலுக்குப் பின்னால் இரு பக்கமும் கயிறு போல விறைத்து நிற்பதைத் தொட்டுப் பார்க்கலாம். அவைதான் ஹாம்ஸ்ட்ரிங் தசைகளின் கீழ்முனைகள். மொத்தம் மூன்று தசைகள்: உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் ஒன்று. மேல்முனைகள் பிட்டத்துக்கு அடியில், நாம் உட்காரும்போது பலகையில் அழுந்துகிற எலும்பில் ஒட்டியிருக்கின்றன. வெளிப்பக்கத் தசைக்கு இரண்டு தலைகள். அதில் குட்டைத் தலை மட்டும் தொடை எலும்பிலேயே தொடங்கிவிடும். மற்றவை எல்லாம் இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு இரண்டையும் தாண்டிப் போகின்றன. வேகமாக ஓடும்போது கிழிவது பெரும்பாலும் அந்த வெளிப்பக்கத் தசையின் நீளத் தலைதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பைசெப்ஸ் ஃபெமோரிஸ் லாங் ஹெட்' என்று போட்டிருப்பார்கள்.

கிழிகிற நேரம் பாதம் தரையை உதைக்கும்போது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அதற்குச் சற்று முன்பே, கால் காற்றில் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடப்போகிற அந்தக் கணத்தில்தான் தசை மேல் பாரம் உச்சத்துக்குப் போகிறது. இடுப்பு மடங்கியிருக்கிறது, முழங்கால் நீண்டுகொண்டே போகிறது, தசை இரண்டு முனையிலும் இழுபடுகிறது. அதே நேரம், முன்னால் பறக்கும் காலைப் பிடித்து நிறுத்துகிற வேலையும் அதனுடையதே. ஓடுகிற மாட்டைக் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது போலத்தான்: கயிறு கையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும், பிடியையும் விட முடியாது.

உச்ச வேகத்தின் 80 சதவீதத்திலிருந்து 100க்குப் போகும்போது இந்தத் தசை தாங்கும் விசை சுமார் 1.4 மடங்காகிறது. பயிற்சி நாளில் எண்பதில் ஓடிவிட்டு, போட்டி நாளில் மட்டும் நூறு கொடுக்கிறவர்களுக்குக் கிழிவது அதனால்தான். தசை அந்தப் பாரத்தைப் பார்த்தே வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

கிரவுண்டில் பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் உடனே செய்ய வேண்டியது என்ன? எங்கள் ஊரில் நல்லெண்ணெய் சூடாக்கி நீவி விடுவார்கள்.
— உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

எண்ணெய் பாத்திரத்தை முதல் மூன்று நாளைக்கு எடுக்கவே வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடும் நீவலும் கசிவைக் கூட்டும். கிழிந்த நார்கள் ஒட்டுவதற்கு இடம் தேடும் நேரத்தில் கட்டைவிரலால் அழுத்தி உழுதால் கிழிசல் பெரிதாகும். 'சுளுக்கு எடுப்பது' என்று காலை மடக்கி இழுப்பதும் அப்படித்தான். இழுத்துப் பார்த்தால் சரியாகிவிடும் என்று பையனே குனிந்து ஸ்ட்ரெச் செய்யத் தொடங்குவான், அதையும் தடுங்கள்.

முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். மிச்சப் பந்தயத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் கூடாது. ஐஸ் கட்டிகளை ஈரத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள், தோலில் நேரடியாக வேண்டாம். முதல் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். ஐஸ் வலியைக் குறைக்கும், தசையை ஆற்றாது, அந்த அளவுக்குத்தான் அதை நம்ப வேண்டும். நான்கு அல்லது ஆறு அங்குல கிரேப் பேண்டேஜை முழங்காலுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். கீழே சற்று இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. கால்விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். இரவு தூங்கும்போது கட்டு வேண்டாம்.

நொண்டாமல் நடக்க முடியாதென்றால் ஓரிரு நாள் ஊன்றுகோல் கொடுங்கள். நொண்டி நொண்டி நடந்து பழகினால் அந்த நடையை மாற்றுவது தனி வேலையாகிவிடும். வலிக்கு மாத்திரை தேவைப்பட்டால், டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை முதல் இரண்டு நாள் தவிர்ப்பது நல்லது.

ஒன்றை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் முழங்காலுக்குப் பின்னால் கருநீலமாக ரத்தம் கட்டித் தெரியும். அடி பட்டது மேலே, நிறம் தெரிவது கீழே. ரத்தம் தசைகளுக்கு நடுவே வடிந்து இறங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

கபடியில் ரெய்டு போனபோது எதிரணி என் கணுக்காலைப் பிடித்து இழுத்ததில் கால் விரிந்து பிட்டத்துக்கு அடியில் வலித்தது. ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தேன். பெரிய வலி இல்லை, ஆனால் ஆறு வாரமாகியும் முழுசாகப் போகவில்லை. என்னோடு விளையாடுகிறவன் ஓடும்போது தசை கிழிந்து விழுந்தான், அவன் நான்கு வாரத்தில் களத்துக்கு வந்துவிட்டான். எனக்கு ஏன் இப்படி? ஸ்கேன் எடுக்கணுமா?
— கபடி வீரர், நாமக்கல்

உங்கள் நண்பருக்கு வந்தது ஓட்டத்தில் வரும் கிழிசல், உங்களுக்கு வந்தது இழுவையில் வரும் கிழிசல். இழுவைக் காயம் நாட்டியக்காரர்களுக்கும், காலை உயரத் தூக்கி உதைக்கிறவர்களுக்கும் வரும். கபடியில் பிடிபட்ட காலை நீட்டிக் கோட்டைத் தொடப் பார்க்கும்போதும் வரும். இதில் பெரும்பாலும் அடிபடுவது உட்காரும் எலும்பை ஒட்டிய உள்பக்கத் தசை. அங்கே தசையைவிட, தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அதிகம். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். முதல் நாள் வலி குறைவாக இருப்பதுதான் இதில் ஏமாற்று வேலை.

நீங்களே ஒன்று பார்க்கலாம். குப்புறப் படுத்து, உட்காரும் எலும்பிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொண்டே வாருங்கள். அதிகம் வலிக்கிற புள்ளி எலும்புக்கு எத்தனை விரல் கீழே இருக்கிறது என்று பாருங்கள். எலும்புக்கு நெருக்கமாக இருக்க இருக்க நாள் கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வலிக்கிற பகுதியின் நீளத்தையும் குறித்து வைத்து, வாரா வாரம் ஒப்பிடுங்கள். அது சுருங்கிக்கொண்டே வர வேண்டும்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. நடக்க முடிகிறது, வலி நாளுக்கு நாள் குறைகிறது என்றால் பிசியோவின் கையும் கண்ணும் போதும். உங்களைப் போல எலும்பை ஒட்டி வலி இருந்து வாரக்கணக்கில் நகராமல் நின்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் அர்த்தம் உண்டு. ரிப்போர்ட்டில் 0 முதல் 4 வரை ஓர் எண்ணும், பக்கத்தில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்தும் இருக்கலாம். பிரிட்டிஷ் தடகள அமைப்பின் மருத்துவர்கள் கொண்டுவந்த வகைப்பாடு அது. எண் கிழிசலின் அளவு, எழுத்து கிழிந்த இடம். ஏ என்றால் தசையின் உறையோரம், பி என்றால் தசையும் நாணும் சேரும் இடம், சி என்றால் நாணுக்குள்ளேயே. எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் முதலில் பார்ப்பது எழுத்தை. 2ஏ சீக்கிரம் ஆறிவிடும், 2சி இழுத்தடிக்கும், அவசரப்பட்டால் திரும்பக் கிழியும்.

தள்ளிப்போடக் கூடாத ஒரு நிலை உண்டு. 'டப்' என்ற சத்தத்தோடு விழுந்து, தொடையின் பின்பக்கம் முழுக்கக் கருத்து, உட்காரவே முடியாமல், எலும்புக்குக் கீழே கை வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டால் தசைநாண்கள் எலும்பிலிருந்து மொத்தமாகப் பிய்ந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சை தேவை என்றால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் எளிது. நாள் கடந்தால் அறுந்த முனை மேலிருந்து விலகிச் சுருங்கி, பக்கத்தில் ஓடும் சையாட்டிக் நரம்போடு ஒட்டிக்கொள்ளும். கால்பந்து வீரர் ஹாரி கேன் 2020 ஜனவரி 1 அன்று ஆட்டத்தின் நடுவே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். தசைநாண் கிழிந்திருந்ததால் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அப்படிப்பட்டவை குறைவுதான்.

என் மகனுக்கு 15 வயது. நீளம் தாண்டும்போது பிட்டத்துக்கு அடியில் சட்டென்று வலித்தது. 'தசைப்பிடிப்பு' என்று தைலம் கொடுத்தார்கள். போதுமா?
— ஒரு தாய், தூத்துக்குடி

போதாது. எக்ஸ்ரே எடுங்கள், இந்த வாரமே.

அந்த வயதில் தசையைவிட எலும்பின் வளர்முனை பலவீனம். உட்காரும் எலும்பின் நுனி, இருபதுகளின் தொடக்கம் வரைக்கும்கூட, முழுதாக ஒட்டியிருக்காது. பெரியவர்களுக்குத் தசை கிழியும் அதே இழுவையில் பிள்ளைகளுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். துண்டு கொஞ்சமாக நகர்ந்திருந்தால் ஊன்றுகோலும் ஓய்வும் போதும். 1.5 முதல் 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். எக்ஸ்ரே பார்க்கும் வரை எந்த ஸ்ட்ரெச்சும் வேண்டாம்.

டாக்டர் மூன்று வாரம் ஓய்வு என்றார். எடுத்தேன். வலி சுத்தமாகப் போனது. ஓடிய இரண்டாம் நாளே அதே இடம் பிடித்தது. இது மூன்றாவது முறை. எனக்கு என்னதான் குறை?
— 100 மீட்டர் வீரர், சேலம்

உங்களிடம் குறை இல்லை, ஓய்வு மட்டுமே எடுத்ததுதான் குறை. கிழிந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து மூன்று வாரத்தில் வலி அடங்கிவிடும். ஆனால் அந்தத் தழும்புக்கு இழுவையைத் தாங்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சும்மா இருந்த மூன்று வாரத்தில் சுற்றியுள்ள தசையும் மெலிந்திருக்கும். அந்தக் காலை எடுத்துக்கொண்டு நேராக நூறு சதவீத வேகத்துக்குப் போனால் வேறென்ன நடக்கும்? திரும்பக் கிழிவதில் பெரும்பகுதி களத்துக்கு வந்த முதல் சில வாரங்களிலேயே நடக்கிறது.

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், தொடை அல்லது கெண்டைக்கால் தசை கிழிந்த அமெச்சூர் வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டாம் நாளிலேயே மெல்லப் பயிற்சி, மற்றவர்களுக்கு ஒன்பதாம் நாள். முன்னவர்கள் 62.5 நாளில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள், பின்னவர்களுக்கு 83 நாள் ஆனது. 2017இல் வெளியான முடிவு இது. ஒரு வாரம் சும்மா கிடந்ததற்கு விலை கிட்டத்தட்ட மூன்று வாரம்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஸ்வீடனைச் சேர்ந்த பிசியோ அஸ்க்லிங் வடிவமைத்த மூன்று பயிற்சிகளை எடுத்துக்கொள்வோம். காயத்துக்குப் பிறகு ஐந்தாம் நாளிலிருந்து இவற்றைத் தொடங்கினார்கள். மூன்றுமே தசையை நீண்ட நிலையில் வேலை வாங்குபவை, கருவி எதுவும் தேவையில்லை.

முதலாவது, மல்லாந்து படுத்து அடிபட்ட காலின் தொடையை இரு கையாலும் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துவது. பிறகு முழங்காலை மெல்ல நீட்ட வேண்டும், வலி தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். 12 தடவை, மூன்று சுற்று, தினமும் இரு வேளை.

இரண்டாவது, அடிபட்ட காலில் மட்டும் நின்று முழங்காலை லேசாக மடக்கி, கிணற்றில் டைவ் அடிக்கிறவனைப் போல இரு கைகளையும் முன்னால் நீட்டிக் குனிவது. மற்ற கால் பின்னால் மேலே போகும். முதுகு வளையக் கூடாது, குனிவது இடுப்பு மூட்டிலிருந்துதான். 6 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

மூன்றாவதுதான் கடினம். ஜன்னல் கம்பியையோ சுவரில் உள்ள பிடியையோ பிடித்துக்கொண்டு, பாரம் முழுவதையும் அடிபட்ட காலின் குதிகாலில் வைத்து நில்லுங்கள். மற்ற காலில் காலுறை போட்டு, வழுக்கும் தரையில் அதைப் பின்னால் சறுக்க விடுங்கள். வலிக்கும் முன் நிறுத்தி, கைகளின் பலத்தால் திரும்பி எழ வேண்டும், அடிபட்ட காலை உந்தி எழக் கூடாது. 4 தடவை, மூன்று சுற்று, மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். நாளாக ஆக வேகத்தைக் கூட்டலாம்.

இந்த முறையில் பயிற்சி செய்த ஸ்வீடன் கால்பந்து வீரர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள். உங்களைப் போன்ற வேக ஓட்டக்காரர்கள், தாண்டுபவர்கள் கணக்கு வேறு: 49 நாள், 86 நாள். மூன்று வாரத்தில் ஓடலாம் என்ற எண்ணத்தை 100 மீட்டர் வீரர் மறந்துவிடுவது நல்லது.

ஓட்டத்துக்கு வருவோம். நொண்டாமல் வேகமாக நடக்க முடிந்ததும் மெல்லோட்டம். அது வலியில்லாமல் போனதும் நேர்ப்பாதையில் இப்படி: 40 மீட்டரில் மெல்ல மெல்ல வேகம் எடுங்கள், 20 மீட்டர் அதே வேகத்தில் போங்கள், 40 மீட்டரில் மெல்லக் குறையுங்கள். உச்சம் அறுபது சதவீதம்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், 4 முதல் 6 தடவை. வலி இல்லையென்றால் அடுத்த முறை வேகம் எடுக்கும் தூரத்தை 35, பிறகு 30 என்று சுருக்குங்கள், வேறொரு நாளில் சதவீதத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரே நாளில் இரண்டையும் மாற்ற வேண்டாம். எழுபது, எண்பது வரை ஓட்டமாக வந்துவிடும். எண்பதிலிருந்து நூறுக்குப் போவதற்குத்தான் அதுவரை ஆன அளவுக்கு நாள் வைக்க வேண்டும். முதலில் சொன்ன 1.4 மடங்கு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஸ்டார்டிங் பிளாக்கில் காலை ஊன்றிக் கிளம்புவதும் வளைவில் ஓடுவதும் அதற்கும் பிறகு.

களத்துக்கு வரலாமா என்று சோதிக்க ஒன்று சொல்கிறோம். 60 சென்டிமீட்டர் உயரப் பெட்டியோ திண்ணையோ போதும். மல்லாந்து படுத்து ஒரு குதிகாலை அதன் மேல் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, மற்ற காலை மேலே நிறுத்தி, இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். எத்தனை முடிகிறது? 20க்குக் கீழ் என்றால் போதாது, 25 நடுத்தரம், 30 தாண்டினால் நல்லது. இரண்டு கால்களுக்கும் எண்ணிக்கை ஒன்றுபோல வர வேண்டும். இதிலும் தேறி, முழு வேக ஓட்டங்களையும் பல நாள் பயமில்லாமல் முடித்த பிறகுதான் பந்தயம். அடுத்த சோதனை மனசுக்கு: முழங்காலை நீட்டியபடி, மல்லாந்து படுத்து, காலைச் சட்டென்று வேகமாக மேலே வீசுங்கள். வலியே இல்லாவிட்டாலும் 'ஐயோ, பிடிச்சிடுமோ' என்று கால் தயங்கினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

'நார்டிக்' என்று ஒரு பயிற்சி சொல்கிறார்கள். எங்களிடம் ஜிம் கிடையாது. மைதானத்தில் செய்ய முடியுமா? செய்தவர்கள் மறுநாள் நடக்கவே முடியவில்லை என்கிறார்கள்.
— கால்பந்து கோச், சென்னை வியாசர்பாடி

கோணிச் சாக்கோ மடித்த துண்டோ இருந்தால் போதும். ஒருவன் முட்டி போட்டு நிமிர்ந்து நிற்க, இன்னொருவன் அவன் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முட்டியிலிருந்து தோள் வரை ஒரே கோடு. அந்தக் கோடு உடையாமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் விழுந்துவிடலாம், கைகளால் தரையைப் பிடித்துக்கொண்டு, கையால் உந்தி எழ வேண்டும்.

பிள்ளைகள் செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, இடுப்பை மடக்கிப் பிட்டத்தைப் பின்னால் தள்ளுவது. அப்படிச் செய்தால் சுலபமாக இருக்கும், தசைக்கு வேலையே இருக்காது. இன்னொன்று, பாதி வழியில் தொப்பென்று விழுவது. கடைசி வரை இழுத்துப் பிடிப்பதுதான் பயிற்சி.

மறுநாள் நடக்க முடியவில்லை என்றால் முதல் நாளே மூன்று சுற்று போட்டிருப்பீர்கள். டென்மார்க்கில் 942 வீரர்களுடன் சோதித்த அட்டவணை இது. முதல் வாரம் ஒரே நாள், 5 தடவை, இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரு நாள், 6 தடவை, இரண்டு சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 தடவை, மூன்று சுற்று. நான்காம் வாரம் அதே மூன்று நாள், 8 முதல் 10. ஐந்திலிருந்து பத்தாம் வாரம் வரை மூன்று நாள், 12, 10, 8 என்று மூன்று சுற்று. பிறகு சீசன் முழுக்க வாரம் ஒருமுறை போதும். இதைப் பருவம் தொடங்குமுன் ஆரம்பிக்க வேண்டும். போட்டிக்கு முதல் நாளோ, பயிற்சிக்கு முன்போ வேண்டாம். பயிற்சி முடிந்த பிறகுதான்.

நார்டிக்கைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் சுமார் பாதியாகக் குறைந்தது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 அறிக்கை சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவின் உயர்மட்ட ஆண்கள் கால்பந்தில் மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001–02இல் 12 சதவீதம், 2021–22இல் 24. மருந்து தெரிந்திருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. ஆட்டத்தின் வேகமும் ஏறிவிட்டது. வியாசர்பாடியில் வாரம் பத்து நிமிடம் ஒதுக்கினால் அந்த கிளப்புகளைவிட நீங்கள் ஒரு படி மேல்.

நார்டிக் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வாரம் ஒன்றிரண்டு முறை பையன்கள் முழு வேகத்தில் 30, 40 மீட்டர் ஓடியாக வேண்டும். உச்ச வேகத்துக்குத் தசையைப் பழக்க, உச்ச வேகத்தில் ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கிழிந்தது, பிடித்தது இரண்டையும் எப்படிப் பிரிப்பது?
— கல்லூரி ஹாக்கி வீரர், கோவில்பட்டி

பிடிப்பு ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், வியர்வையும் களைப்பும் சேர்ந்த பிறகு வரும். தசை உருண்டு கல்லாக நிற்பது கண்ணுக்கே தெரியும், மெல்ல நீட்டிப் பிடித்தால் சில நிமிடங்களில் இளகும். கிழிசல் ஒரே நொடியில் வரும், ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்ட முடியும், நீட்டினால் வலி கூடும், மறுநாளும் இருக்கும்.

முதல் மணிநேரத்தில் கைதேர்ந்தவர்களுக்கே குழப்பம் வரும். 2017 லண்டன் உலகத் தடகளப் போட்டியில், தன் கடைசிப் பந்தயமான 4×100 தொடரோட்டத்தில் உசேன் போல்ட் விழுந்தார். அன்றிரவு தசைப்பிடிப்பு என்றார்கள், பிறகுதான் கிழிசல் என்று தெரிந்தது. எனவே பிடிப்பு என்று நினைத்தாலும் அன்றைக்குத் திரும்ப இறங்க வேண்டாம், மறுநாள் காலை தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

பி.ஆர்.பி. ஊசி போட்டால் பாதி நாளில் சரியாகும் என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் ஆகும். போடலாமா?
— கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர், மதுரை

தசைக் கிழிசலுக்கு வேண்டாம். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்களை ஊசியாகப் போடும் இந்த முறையை, 2014இல் நெதர்லாந்தில் 80 வீரர்களிடம் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பிய நாளில் வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல பிசியோவிடம் இரண்டு மாதம் போகலாம். ஸ்டீராய்டு ஊசியைத் தசைநாண் பக்கம் யாராவது போட வந்தால் இன்னும் இரண்டு தடவை யோசியுங்கள், நாணைப் பலவீனப்படுத்தும்.

வயது 42. மாரத்தான் ஓடுகிறேன். எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் பிட்டத்துக்கு அடியில் வலி. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், சூடானதும் குறையும், கார் ஓட்டினால் கொல்லும். தினமும் குனிந்து ஸ்ட்ரெச் செய்கிறேன், குறையவே இல்லை.
— ஐ.டி. ஊழியர், சென்னை

முதலில் அந்த ஸ்ட்ரெச்சை நிறுத்துங்கள், வலியை வளர்ப்பது அதுதான். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கிழிசலுக்கு இல்லை, உட்காரும் எலும்பில் ஒட்டும் தசைநாண் நாள்பட்டு நைந்துபோனதற்கு. குனிந்து நீட்டும்போது அந்த நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. உட்காரும்போதும் அப்படியே.

மேடு ஏறும் ஓட்டத்தையும் வேகப் பயிற்சியையும் சில வாரம் தள்ளிவையுங்கள், சமதளத்தில் மெல்லோட்டம் இருக்கட்டும். கார் இருக்கையில் தொடைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, எலும்பின் மேல் பாரம் குறைவாக விழும்படி உட்காருங்கள். பயிற்சியில் முதலில், மல்லாந்து படுத்துக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 நொடி நிறுத்துவது, ஐந்து தடவை. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒற்றைக் காலில். இடுப்பை மடக்கிச் செய்யும் பயிற்சிகள் கடைசியில். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பாரம் அதிகம். மூன்று நான்கு மாதம் ஆகும்.

வலி முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால், பாதம் வரை இறங்கினாலோ, மரத்துப் போனாலோ, இருமும்போது சுள்ளென்று இழுத்தாலோ அது முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்பு வலியாக இருக்கலாம். நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, காலை நீட்டுங்கள். வலி வந்ததும், காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். வலி குறைந்தால் சந்தேகம் நரம்பின் பக்கம்தான், ஏனென்றால் தலையை நிமிர்த்துவதால் தொடைத் தசையின் நீளம் மாறப்போவதில்லை. அப்படியானால் பிசியோவிடம் போகும் முன் முதுகுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

தொடைக்கு இறுக்கமான ஸ்லீவ் போட்டு ஓடினால் கிழியாமல் தடுக்குமா?
— பள்ளி மாணவர், தஞ்சாவூர்

தடுக்காது. கதகதப்பாகவும் தைரியமாகவும் இருக்கும், அதற்காகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஸ்லீவ் போட்டதால் வார்ம்அப் வேண்டாம் என்று மட்டும் நினைக்காதே தம்பி. பத்து நிமிட மெல்லோட்டம், கால் வீசல், பிறகு 60 மீட்டர் தூரத்தை அறுபது, எண்பது, தொண்ணூறு சதவீத வேகத்தில் ஒவ்வொரு தடவை. வரிசைக்குக் கூப்பிட்டு அரைமணி காத்திருக்க வைத்தால் உட்காராதே, நின்ற இடத்திலேயே கால் வீசிக்கொண்டிரு.